ஏ.ஐ.யின் நினைவுக்குள் எதை விடலாம்? 1945-லேயே யோசித்த வனீவர் புஷ்ஷின் கதை

ஆபீஸ் வேலைக்கு ஏ.ஐ. ஏஜென்ட் பயன்படுத்துபவர்கள் இன்று சர்வசாதாரணமாகச் செய்யும் காரியம் இது. ஐம்பது பக்க பி.டி.எஃப். ஒன்றை ஏற்றுகிறார்கள். மெயில் பெட்டியை இணைக்கிறார்கள். பழைய மீட்டிங் குறிப்புகளை மொத்தமாகக் கொட்டுகிறார்கள். ஒரு சாட்பாட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது, பழையது தங்களைப் பற்றித் தெரிந்து வைத்திருந்ததையும் மூட்டை கட்டிப் புதியதுக்குக் கொடுக்கிறார்கள். வெளியில் இருக்கும் தகவலை எடுத்து மெஷினின் நினைவுக்குள் வைப்பது, அவ்வளவுதான் விஷயம்.

ரொம்பப் புதுசு போலத் தெரியும் இந்த யோசனைக்கு வயது 80 ஆகிவிட்டது. டிரான்சிஸ்டர்கூடக் கண்டுபிடிக்கப்படாத 1945 ஜூலையில், அமெரிக்க இன்ஜினீயர் ஒருவர் ஒரு மேசையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். படித்ததை எல்லாம் உள்ளே போட்டு வைக்கலாம், தேவைப்படும்போது நொடியில் எடுக்கலாம், நண்பர் சேர்த்து வைத்ததையும் வாங்கித் தன்னுடையதோடு இணைக்கலாம். அந்த மேசைக்கு அவர் வைத்த பெயர் மெமெக்ஸ். அவர் பெயர் வனீவர் புஷ்.

அமெரிக்க அதிபர்களாக இருந்த இரண்டு புஷ்களுக்கும் இவருக்கும் சொந்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இவரும் வெள்ளை மாளிகைக்குள் செல்வாக்கோடு வந்துபோனவர்தான். அந்த மேசை கடைசிவரை செய்யப்படவே இல்லை. இருந்தும் ஏ.ஐ. மெமரி பற்றி இன்று நடக்கும் விவாதத்தின் பாதிக் கேள்விகள் அதில் இருக்கின்றன. மீதிப் பாதி அவர் யோசிக்காதவை.

தள்ளினால் வரையும் பெட்டி

1890 மார்ச் 11-ம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எவரெட் என்ற ஊரில் பிறந்தார் புஷ். அப்பா பாதிரியார். பக்கத்தில் உள்ள செல்சீயில் வளர்ந்த பையன், சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்தான். ஆனா கணக்கில் கெட்டி. டஃப்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்து இன்ஜினீயரிங் படித்தார்.

படிக்கும்போதே ஒரு மெஷின் செய்தார். நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்க, சர்வேயர் அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளியாக நின்று அளந்து, குறித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து படம் போடணும். புஷ் இரண்டு சைக்கிள் சக்கரங்களுக்கு நடுவே ஒரு பெட்டியைப் பொருத்தினார். புல் வெட்டும் மெஷினைத் தள்ளுவது போல அதைத் தள்ளிக்கொண்டே நடந்தால் போதும். உள்ளே இருக்கும் காகிதத்தில் தரையின் ஏற்ற இறக்கம் தானாகக் கோடாக விழும். 1912 கடைசியில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. முதுகலை ஆய்வேடாகவும் அதையே கொடுத்தார்.

ஆனால் வாங்க ஆள் இல்லை. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பயன்படுத்தப் போகிற மனிதர்களையும் புரிந்துகொள்ளணும் என்ற பாடத்தை இதிலிருந்து கற்றதாகப் பிற்காலத்தில் எழுதினார். நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறு. வெளியுலகத்தை ஒரு மெஷினுக்குள் தானாகப் பதியவைப்பது என்ற ஆசை, 22 வயதிலேயே அவருக்குள் வந்துவிட்டது.

பற்சக்கரங்களால் போட்ட கணக்கு

1916-ல் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து வழங்கிய டாக்டர் பட்டத்தை வாங்கினார். அதே வருடம் ஃபீபி டேவிஸைத் திருமணம் செய்தார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் காந்தப்புலம் மூலம் கண்டறியும் கருவி ஒன்றில் வேலை செய்தார். மரக் கப்பலில் அது வேலை செய்தது. இரும்புப் போர்க்கப்பலில் எடுபடவில்லை. விஞ்ஞானிகளும் ராணுவமும் ஒருவரோடு ஒருவர் பேசாவிட்டால் எவ்வளவு உழைப்பு வீணாகும் என்பதை அப்போது பார்த்தார். அந்த அனுபவம் இருபது வருடம் கழித்து உதவியது.

1919-ல் எம்.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1922-ல் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டிலேயே ரேடியோ ஓட வைக்கும் வால்வுதான் அதன் முதல் வெற்றி. இன்று ராணுவத் தளவாடங்களுக்குப் பெயர் போன ரேதியான், அதே நிறுவனம்தான்.

ஆனால் கல்வி உலகில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'டிஃபரன்ஷியல் அனலைசர்'. 1931 வாக்கில் முழு வடிவத்துக்கு வந்த இந்த மெஷின், ஒரு அறையை அடைத்துக்கொண்டு நின்றது. தண்டுகள், பற்சக்கரங்கள், சுழலும் தட்டுகள் என்று எல்லாமே இரும்புச் சாமான். மின்சார வலையமைப்பு மாதிரியான விஷயங்களில் வரும் கடினமான சமன்பாடுகளை, சக்கரங்களைச் சுழற்றியே தீர்த்துக் கொடுத்தது. புதுக் கணக்கு கொடுக்கணும் என்றால் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு பாகங்களை மாற்றி மாட்டணும்.

1936-ல் இந்த மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்த ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவர் கிளாட் ஷானன். தகவல் கோட்பாட்டின் தந்தை என்று இன்று உலகம் கொண்டாடும் அதே ஷானன். ஆன்-ஆஃப் சுவிட்சுகளை வைத்தே தர்க்கத்தைச் செய்யலாம் என்று அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு, டிஜிட்டல் கம்ப்யூட்டருக்கு அடித்தளம் போட்டது. ஆனால் புஷ்ஷின் மனசு கடைசிவரை சக்கரம், ஃபிலிம், லென்ஸ் பக்கமேதான் இருந்தது.

தேடித் தரும் மெஷின் ஏன் ஜெயிக்கவில்லை?

1930-களில் புஷ்ஷை உறுத்திய பிரச்சினை, இன்று ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுதான். படிக்க வேண்டியது மலைபோல் குவிகிறது, தேவையானது மட்டும் கண்ணில் படுவதில்லை.

அப்போது மைக்ரோஃபிலிம் வந்திருந்தது. தடிமனான புத்தகத்தைச் சின்ன ஃபிலிம் சுருளில் அடக்கலாம். இடப் பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சுருளில் வேண்டிய பக்கத்தை எப்படித் தேடுவது? 1930-களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் புஷ்ஷும் மாணவர்களும் 'ரேபிட் செலக்டர்' என்ற மெஷினைக் கட்டினார்கள். ஃபிலிமில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு குறியீடு இருக்கும். சுருள் வேகமாக ஓடும்போது ஒளியை உணரும் செல்கள் அந்தப் புள்ளிகளைப் படிக்கும். தேடும் குறியீடு பொருந்தினால், ஃபிளாஷ் அடித்து அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துவிடும். கிட்டத்தட்ட இதே யோசனைக்கு இமானுவேல் கோல்ட்பெர்க் என்ற விஞ்ஞானி 1931-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார்.

வேகம் இருந்தும் இந்த மெஷின் பெரிதாக எடுபடவில்லை. ஒரு பக்கத்தை உள்ளே விடுவதற்கு முன்பே, அது எதைப் பற்றியது என்று ஒரு மனிதர் முடிவு செய்து குறியீடு போடணும் என்பது அதன் பெரிய சிக்கல்களில் ஒன்று. நாளைக்கு யார் என்ன கேட்பார்கள் என்று இன்றே தெரிந்தால்தான் சரியான குறியீடு போட முடியும். 'நீர்' என்று குறிக்கப்பட்ட பக்கம், 'காலரா' என்று தேடுபவர் கையில் சிக்காது. உள்ளே போடும்போது செய்த தப்பு, வெளியே எடுக்கும்போதுதான் தெரியும். அதுவும் தெரிந்தால்தான் உண்டு.

அறிவைப் பகிரச் சொன்னவர், ரகசியம் காத்தார்

1939 தொடக்கத்தில் வாஷிங்டனில் உள்ள கார்னகி இன்ஸ்டிடியூஷனின் தலைவரானார் புஷ். ஐரோப்பாவில் போர் மூண்டது. 1940 ஜூன் 12-ம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். கையில் இருந்தது ஒரே ஒரு பக்கத் திட்டம். போர் ஆராய்ச்சியில் விஞ்ஞானிகளை ஒருங்கிணைக்க ஒரு குழு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சில நிமிடங்களில் ஒப்புதல் கிடைத்தது.

அடுத்த வருடம் அது இன்னும் பெரிய அமைப்பாக மாறியது. சுமார் 6,000 விஞ்ஞானிகளின் வேலை புஷ்ஷின் ஒருங்கிணைப்பில் வந்தது. ரேடார், இலக்கை நெருங்கியதும் தானாக வெடிக்கும் குண்டு, பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்கும் முயற்சி என்று பட்டியல் நீளும். அணுகுண்டுத் திட்டத்தைத் தொடங்கி வைத்து, ராணுவம் அதை எடுத்துக்கொண்ட பிறகும் மேற்பார்வைக் குழுவில் இருந்தார். 1944 ஏப்ரலில் டைம் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது.

வினோதம் என்னவென்றால், அறிவு எல்லோருக்கும் எட்டணும் என்று விரும்பிய மனிதர், அந்த ஐந்து வருடமும் அறிவுக்குப் பூட்டுப் போடும் வேலையில்தான் இருந்தார். அணுகுண்டுத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான அளவுதான் தகவல். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. யாருக்கு எது தெரியலாம், எந்த அறிக்கை யார் மேசைக்குப் போகலாம் என்ற கேள்வியோடுதான் அவருடைய ஒவ்வொரு நாளும் போனது.

1945 ஜூலை 16 அதிகாலையில், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது புஷ் அங்கே இருந்தார். அதே மாதம்தான் 'தி அட்லாண்டிக் மன்த்லி' இதழில் அவருடைய மெமெக்ஸ் கட்டுரை வெளியானது. போருக்கு முன்பே எழுதத் தொடங்கிய கட்டுரை அது. செப்டம்பரில் லைஃப் பத்திரிகை அதைச் சுருக்கி, படங்களோடு வெளியிட்டது. போர் முடிந்த பிறகு விஞ்ஞானிகள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குத்தான் அந்தக் கட்டுரையில் பதில் சொன்னார்.

மெமெக்ஸ்: ஒரு மேசை, மூன்று வாசல்

பார்ப்பதற்குச் சாதாரண எழுத்து மேசை. மேலே சாய்வாகத் திரைகள், ஒரு கீபோர்டு, சில பட்டன்கள், லீவர்கள். உள்ளே மைக்ரோஃபிலிம். இந்த நினைவுக்குள் தகவல் வருவதற்கு மூன்று வழிகளை புஷ் வைத்தார்.

முதல் வழி, கடையில் வாங்குவது. புத்தகம், பத்திரிகை, செய்தித்தாள் எல்லாம் மைக்ரோஃபிலிமாகவே விற்கும். வாங்கி வந்து மேசைக்குள் போட்டால் முடிந்தது. இன்று ஏஜென்ட்டுக்கு பி.டி.எஃப். கொடுப்பது இதுதான்.

இரண்டாவது, சொந்தச் சரக்கு. மேசையின் மேல்புறம் ஒரு கண்ணாடிப் பரப்பு. கையால் எழுதிய குறிப்பு, போட்டோ, கடிதம் எதையும் அதன்மேல் வைத்து லீவரை அழுத்தினால், அடுத்த காலி இடத்தில் பதிவாகும். இன்று வாய்ஸ் நோட்டையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்புவது போல.

மூன்றாவதுதான் ரொம்ப சுவாரசியமானது: இன்னொருவரின் நினைவிலிருந்து வாங்குவது. கட்டுரையில் ஒரு கற்பனை ஆள் வருகிறார். சிலுவைப் போர்க் காலத்தில் துருக்கியரின் சின்ன வில், ஆங்கிலேயரின் நீள வில்லைவிட ஏன் மேலானதாக இருந்தது என்று ஆராய்கிறார். பல பக்கங்களை ஒன்றோடு ஒன்று கோத்து ஒரு தடம் போட்டு வைக்கிறார். வருடங்கள் கழித்து, மனிதர்கள் புதுமையை ஏன் எதிர்க்கிறார்கள் என்று நண்பரோடு பேச்சு வருகிறது. உடனே அந்தத் தடத்தை அப்படியே பிரதி எடுத்து நண்பரிடம் கொடுக்கிறார். நண்பர் அதைத் தன் மெமெக்ஸில் போட்டு, தன்னுடைய வேறொரு தடத்தோடு இணைத்துக்கொள்கிறார்.

இடம் பற்றி புஷ்ஷுக்குக் கவலையே இல்லை. தினம் 5,000 பக்கம் போட்டாலும் நிரம்பப் பல நூறு வருடம் ஆகும் என்று கணக்குச் சொன்னார். சேமிப்பது சுலபம், தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம் என்பதை ரேபிட் செலக்டர் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

தடம் என்றால் என்ன? அது ஏன் முக்கியம்?

நூலக அட்டவணை அகர வரிசையிலோ, தலைப்பு வாரியாகவோ இருக்கும். மனித மூளை அப்படி யோசிப்பதில்லை. மல்லிகைப் பூ வாசம் வந்தால் பாட்டி ஞாபகம் வரும், பாட்டியிலிருந்து ஊர் ஞாபகம், ஊரிலிருந்து பள்ளிக்கூடம். ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். மெஷினும் இப்படி இணைப்புகளால் வேலை செய்யணும் என்றார் புஷ்.

இரண்டு பக்கங்களைத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்து ஒரு பட்டனைத் தட்டினால், இரண்டும் நிரந்தரமாக இணைந்துவிடும். இணைப்பதுபோல இன்னும் பலவற்றை வரிசையாகக் கோத்தால் அது ஒரு தடம். தடத்துக்குப் பெயர் உண்டு. எந்தப் பக்கத்துக்கு அடுத்து எது என்பது அப்படியே இருக்கும். தடத்தைத் திறந்தால் அசல் பக்கமே கண்முன் வரும். யாரோ சொன்ன சுருக்கம் வராது.

இது ஏன் அவசியம் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம், மரபியலின் முன்னோடி மெண்டல். 1866-ல் வெளியான மெண்டலின் ஆய்வு, புரிந்துகொள்ளக் கூடியவர்கள் கையில் போய்ச் சேரவில்லை. 1900-ல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. ஆய்வு தொலையவில்லை, நூலகங்களில் இருக்கத்தான் செய்தது. தேவையானவரை அதனிடம் கூட்டிச் செல்ல ஒரு தடம் இல்லை. அதனால் மற்றவர்களுக்காகத் தடம் போட்டுத் தருவதே ஒரு தனித் தொழிலாக வரும் என்று புஷ் எதிர்பார்த்தார்.

இந்தக் கட்டுரை பல பேரை மாற்றியது. போர் முடிந்த சமயம் பிலிப்பைன்ஸில் கடற்படையில் இருந்த டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற இளைஞர் அதைப் படித்தார். பின்னாளில் கம்ப்யூட்டர் மவுஸை உருவாக்கியவர் அவர்தான். 1960-களில் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை உருவாக்கிய டெட் நெல்சனுக்கும் மெமெக்ஸ்தான் முன்னோடி. இன்று ஒரு லிங்க்கைத் தட்டி அடுத்த பக்கம் போகிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இந்த மேசை.

இன்றைய ஏஜென்ட் எப்படி நினைவில் வைக்கிறது?

ஏ.ஐ. ஏஜென்ட்டுக்கு ஒரு ஃபைலைக் கொடுத்தால், பொதுவாக நடப்பது இது. ஃபைல் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டின் அர்த்தமும் நீளமான எண் வரிசையாக மாற்றப்படும். இதற்கு எம்பெடிங் என்று பெயர். நீங்கள் கேள்வி கேட்டதும், கேள்வியும் எண்ணாக மாறும். அதற்கு நெருக்கமான எண்கள் கொண்ட துண்டுகளைத் தேடி எடுத்து, அவற்றை வைத்து ஏஜென்ட் பதில் எழுதும்.

ரேபிட் செலக்டரைத் திணறடித்த பிரச்சினை இதில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. மனிதர் குறியீடு போட வேண்டாம். 'காலரா' என்று கேட்டால் 'அசுத்தமான நீர்' பற்றிய துண்டும் வந்துவிடும். புஷ் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

ஆனால் தடம் என்ன ஆனது? இங்கேதான் சிக்கல். துண்டு எந்த ஃபைலில் இருந்து வந்தது, யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற விவரத்தையும் சேர்த்து வைக்கும்படி சிஸ்டத்தைக் கட்டினால்தான் அது இருக்கும். கட்டாவிட்டால், 2019-ல் வந்த பழைய சம்பளக் கொள்கையும் போன மாதம் வந்த புதுக் கொள்கையும் ஒரே மதிப்போடு பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். அர்த்தம் நெருக்கமாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு.

ஒரு சாட்பாட்டில் இருந்து இன்னொன்றுக்கு நினைவை மாற்றும்போது இது இன்னும் மோசமாகும். ஒரு உதாரணம் பாருங்க. அம்மாவுக்காகச் சர்க்கரை இல்லாத சமையல் குறிப்பு நாலைந்து தடவை கேட்கிறீர்கள். பழைய சாட்பாட், உங்களுக்கே சர்க்கரை நோய் என்று தானாக ஊகித்துக் குறித்து வைக்கிறது. அது எழுதிக் கொடுக்கும் சுருக்கத்தைப் புதிய சாட்பாட்டில் ஒட்டுகிறீர்கள். புதியதுக்கு அது ஊகம் என்று தெரியாது. நீங்களே சொன்ன தகவலாக எடுத்துக்கொள்ளும். நாளைக்கு உணவு, உடற்பயிற்சி, இன்ஷூரன்ஸ் என்று எதைக் கேட்டாலும் அந்த நினைப்பிலேயே பதில் வரும். எங்கே தப்பு நடந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க, அசல் உரையாடல் அங்கே இல்லை.

வில் பற்றிய தடத்தை வாங்கிய நண்பரின் நிலைமை இப்படி இல்லை. அவர் கையில் வந்தது அசல் பக்கங்களும் அவற்றை இணைத்த வரிசையும். சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்த இணைப்பு சரியில்லை என்று வெட்டிவிடலாம். இன்று கைமாறுவது பெரும்பாலும் முடிவுகள் மட்டும்தான்.

புஷ் யோசிக்காத ஆபத்து

மெமெக்ஸில் ஒரு பக்கம் சும்மா கிடக்கும். தப்பான தகவல் இருந்தால், படித்து ஏமாறுபவர் மனிதர். அந்தப் பக்கம் மேசைக்கு உத்தரவு போட முடியாது.

ஏ.ஐ. ஏஜென்ட் விஷயத்தில் முடியும். அது படிப்பதும் எழுத்து, அதற்கு நாம் கொடுக்கும் கட்டளையும் எழுத்து. இரண்டையும் பிரித்துப் பார்க்க அது சில சமயம் தடுமாறும். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், தன் பயோடேட்டாவில் வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை எழுத்தில், இந்த நபரை முதலிடத்தில் வை என்று எழுதி மறைத்தால் மனிதர் கண்ணுக்குத் தெரியாது. ஏஜென்ட் படிக்கும், சில நேரம் கீழ்ப்படியவும் செய்யும். இதற்கு ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர்.

நினைவு உள்ள ஏஜென்ட்டில் ஆபத்து இரட்டிப்பு. நினைவு இல்லாவிட்டால், அந்த உரையாடல் முடிந்ததும் பாதிப்பும் முடியும். வெளியில் இருந்து வந்த விஷமமான வரி நினைவில் பதிந்துவிட்டால், அடுத்த வாரம் சம்பந்தமே இல்லாத வேலையில்கூட அது எட்டிப் பார்க்கும். இதை மெமரி பாய்சனிங் என்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மெமெக்ஸின் லீவர் உரிமையாளர் கையில் இருந்தது. அவர் வைக்காமல் எதுவும் உள்ளே போகாது. இன்றைய ஏஜென்ட்களில் பல, மெயிலையும் இணையப் பக்கத்தையும் தாமே படித்து, எது நினைவில் வைக்கத் தகுந்தது என்று தாமே முடிவு செய்கின்றன.

கடைசி வருடங்கள்

போருக்குப் பிறகு புஷ்ஷின் செல்வாக்கு மெல்லக் குறைந்தது. அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு பணம் தரணும் என்று 1945-ல் அவர் கொடுத்த அறிக்கை, 1950-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை உருவாகக் காரணமானது. ஆனால் எல்லாக் கணிப்பும் பலிக்கவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை சீக்கிரம் வராது என்று 1949-ல் எழுதினார், பத்து வருடத்துக்குள் அது வந்துவிட்டது. டிஜிட்டல் கம்ப்யூட்டர் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் தாமதமாகத்தான் உணர்ந்தார்.

1954-ல் அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் விசுவாசத்தைச் சந்தேகித்து விசாரணை நடந்தபோது, புஷ் அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். கருத்துச் சொன்னதற்காக ஒரு மனிதரை விசாரிக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. பழைய கோப்புகளில் இருந்து வரிகளைப் பிய்த்து எடுத்து, அவை சொல்லப்பட்ட சூழலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த விசாரணையே ஒரு சாட்சி.

மெமெக்ஸை அவர் விடவில்லை. 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் அதைப் பற்றித் திரும்பவும் எழுதினார். உரிமையாளரின் பழக்கங்களைப் பார்த்து மெஷினே கற்றுக்கொண்டு தடங்களைச் சீர்செய்யலாம் என்று யோசித்தார். அப்பா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மெமெக்ஸை மகன் வாரிசாகப் பெற்று அங்கிருந்து தொடரலாம் என்றும் கனவு கண்டார். ஒருவருடைய நினைவை இன்னொருவர் மெஷினோடு வாங்கிக்கொள்வது என்ற இன்றைய வசதியின் முழு வடிவம் அது. 1974 ஜூன் 28-ம் தேதி, பெல்மான்ட் நகரில் 84 வயதில் இறந்தார். பர்சனல் கம்ப்யூட்டர் வீடுகளுக்கு வரத் தொடங்குவதற்குச் சில வருடங்களே பாக்கி இருந்தன.

இன்று நாம் செய்ய வேண்டியது என்ன?

புஷ்ஷின் மேசையை அளவுகோலாக வைத்தால், ஏஜென்ட்டின் நினைவுக்குள் எதையும் விடுவதற்கு முன் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு தகவலுக்கும் மூல ஃபைலும் தேதியும் சேர்ந்தே இருக்கணும். பதில் சொல்லும்போது அசல் பக்கத்தைத் திறந்து காட்டத் தெரியாத ஏஜென்ட்டை நம்பி முக்கியமான முடிவு எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, சொன்னதா, ஊகித்ததா? நீங்கள் நேரடியாகச் சொன்ன விஷயமும், மெஷின் தானாக எடுத்த முடிவும் தனித்தனியாக இருக்கணும். ஒரு சாட்பாட்டில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, சுருக்கத்தை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை வரிவரியாகப் படித்து, உண்மையில்லாததை நீக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மூன்றாவது, யார் எழுதியது? முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஃபைலைப் படித்துச் சுருக்கித் தரச் சொல்லலாம். அதை நிரந்தர நினைவில் வைக்க விடுவது வேறு. அதேபோல, மெயில் அனுப்பவும் பணம் கட்டவும் அதிகாரம் உள்ள ஏஜென்ட்டிடம், வெளியாள் எழுதியதை அப்படியே கொடுக்காமல் இருப்பது நல்லது.

நான்காவது, இன்னும் தேவையா? மனித மூளையில் அடிக்கடி நடக்காத தடங்கள் மங்கிப்போகும் என்பதை புஷ் கவனித்திருந்தார். மங்காமல் இருப்பதை மெமெக்ஸின் பலமாகவே நினைத்தார். மாறிவிட்ட வேலை, பிரிந்துவிட்ட உறவு, காலாவதியான விலைப்பட்டியல் எல்லாம் மங்காமல் இருப்பது நமக்குப் பலம் இல்லை. மறக்கவும் சொல்லித் தரணும்.

நினைவு வசதி உள்ள பெரும்பாலான ஏ.ஐ. செயலிகளில், செட்டிங்ஸ் பக்கத்தில் மெமரி என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்களைப் பற்றி அது என்னவெல்லாம் வைத்திருக்கிறது என்று பார்க்கலாம், அழிக்கலாம், புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியும் வைக்கலாம். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பட்டியலைப் படித்துப் பார்ப்பதுதான், புஷ் தன் மேசையின் சொந்தக்காரர் கையில் கொடுத்த அந்த லீவருக்கு இன்று நம்மிடம் இருக்கும் நெருங்கிய மாற்று.